முடியும் வறண்டு கிடக்கு, தலையும் அரிக்குது: எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கிட்டத்தட்ட ஆறு வருஷம் நான் என் தலையைத் தப்பாவே புரிஞ்சு வச்சிருந்தேன். முடி நுனியெல்லாம் நார் மாதிரி இருக்கும், தலை பூரா அரிக்கும், கருப்பு சட்டை போட்டா தோள்ல மாவு கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா கிடக்கும். சரி எல்லாம் வறட்சிதான்னு நானே முடிவு பண்ணி எண்ணெயா ஊத்தினேன், ஷாம்பு போட்டா இன்னும் காஞ்சு போயிடும்னு பயந்து தலைக்குக் குளிக்கிறதை பத்து நாளைக்கு ஒரு தடவைன்னு ஆக்கிட்டேன், அரிப்பு கூடிச்சு, கூடினதும் இன்னும் கொஞ்சம் எண்ணெய், இப்படியே ஓடிச்சு. கடைசியா ஒரு ஸ்கின் டாக்டர் தலையை ரெண்டு நிமிஷம் விலக்கி விலக்கிப் பார்த்துட்டு, "முடிதான் வறண்டிருக்கு. தலை வறளவே இல்ல, தலையில எண்ணெய்தான் அதிகம்"னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. புதுசா இந்தப் பிரச்சனையில மாட்டினவங்க அந்த ஆறு வருஷத்தை மிச்சம் பண்ணிக்கட்டும்னுதான் இதை எழுதுறேன்.

முடி வேற, தலைத்தோல் வேற

இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. தோலுக்கு வெளிய நாம பார்க்கிற முடி உயிரில்லாத நார், கெரட்டின்ங்கிற புரதத்தால ஆனது. அதோட வெளிப்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில் செதிலா அடுக்கியிருக்கும். அந்த அடுக்கு படிஞ்சு கிடந்தா முடி வழவழன்னு பளபளப்பா இருக்கும், அடுக்கு தூக்கிக்கிட்டு நின்னாலோ உடைஞ்சு போனாலோ சொரசொரன்னு சிக்கு விழும். ஒரு முடியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு வேர்ப்பக்கத்துலேருந்து நுனிக்கு இழுத்துப் பாருங்க, வழுக்கிட்டுப் போகும். இப்ப நுனியிலேருந்து வேருக்கு இழுங்க, லேசா கிறீச்னு தடுக்கும். அந்தத் தடுக்கல்தான் செதில்.

முடி மாசத்துக்கு 1 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல வளருது. அப்ப 60 செ.மீ. நீளம் இருக்கிற முடியோட நுனி நாலஞ்சு வருஷம் பழசு! நாலஞ்சு வருஷ வெயில், சீப்பு, டவல், தலையணை எல்லாம் பார்த்த நுனி அது. தலையில ஊறுற எண்ணெய் அவ்ளோ தூரம் இறங்கியும் வராது, சுருட்டை முடின்னா சுத்தமா வராது. அதனாலதான் வேர்ல பிசுபிசுப்பும் நுனியில நாரும் ஒரே தலையில இருக்க முடியுது.

தலைத்தோல் அப்படி இல்ல, அது உயிருள்ள தோல். முகத்துத் தோல் மாதிரிதான், எண்ணெய்ச் சுரப்பி நெருக்கமா இருக்கிற இடம். அங்க மலசீசியான்னு ஒரு ஈஸ்ட் வகை பூஞ்சை எல்லார் தலையிலயும் குடியிருக்கு, அது இருக்கிறது நோய் கிடையாது. அது நம்ம தலையெண்ணெயைத் தின்னுட்டு ஓலிக் ஆசிட்னு ஒண்ணை மிச்சம் விடும், சில பேர் தோலுக்கு அது ஒத்துக்காது, எரிச்சலாகி தோல் அவசர அவசரமா புது செல்லைத் தள்ளும், பழசு கொத்து கொத்தா உதிரும். அதுதான் பொடுகு. அப்ப பொடுகுங்கிறது பெரும்பாலும் வறட்சியே இல்ல, எண்ணெய் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். இங்கதான் என்னை மாதிரி நிறைய பேர் கோட்டை விடுறோம்.

முதல் வேலை: எது அரிக்குதுன்னு கண்டுபிடிக்கிறது

கடைக்கு ஓடாதீங்க. தலைக்குக் குளிச்சு ரெண்டு நாள் விட்டுட்டு, ஒரு கருப்பு பேப்பரோ கருப்புத் துணியோ எடுத்து டேபிள்ல விரிச்சு, அதுக்கு மேல தலையைக் குனிஞ்சு விரல் நுனியால, நகத்தால இல்ல, நல்லா தேய்ச்சு விடுங்க. உதிர்ந்ததை வெளிச்சத்துல பாருங்க.

தூள் தூளா, சின்னதா, சுத்த வெள்ளையா, ஊதினா பறக்குற மாதிரி இருந்தா, அதோட கை கால்லயும் தோல் வெளிறிப்போய் இருக்குன்னா, தலைத்தோல் நிஜமாவே வறண்டிருக்கு. குளிர் காலத்துலயும் ஏசி ரூம்லயே கிடக்கிறவங்களுக்கும் இது கூடும். குளிச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துலயே தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

கொஞ்சம் பெருசா, லேசா மஞ்சளா, விரல்ல எடுத்து நசுக்கினா மெழுகு மாதிரி பிசுக்குன்னு ஒட்டுதுன்னா அது பொடுகு, இல்ல அதோட பெரியண்ணனான செபோரிக் டெர்மடைட்டிஸ். இவங்களுக்கு மூக்கு ஓரம், புருவம், காதுக்குப் பின்னாடி எல்லாம் செவந்து செதில் வரும். குளிச்ச அன்னிக்கு சுகமா இருக்கும், ரெண்டாவது மூணாவது நாள் அரிப்பு ஆரம்பிக்கும். எனக்கு இதான் இருந்துச்சு, அந்த மஞ்சளைப் பார்த்துட்டும் எண்ணெய் ஊறியிருக்குன்னு நினைச்சு சந்தோஷப்பட்டிருக்கேன், என்னத்த சொல்ல.

அரிப்பு காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் மட்டும் ஜாஸ்தியா இருக்கா? பேன் இருக்கலாம், வெக்கப்பட ஒண்ணுமில்ல, சுத்தமான தலையிலயும் பேன் ஏறும். ஈறையும் பொடுகையும் பிரிச்சுப் பார்க்கிறது சுலபம், பொடுகு தட்டினா விழும், ஈறு முடியில சிமெண்ட் போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும், ரெண்டு நகத்துக்கு நடுவுல வச்சு உருவினாத்தான் வரும். பேன் மருந்து போட்டா ஏழுலேருந்து பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை போடச் சொல்றது ஏன்னா, மருந்துக்குத் தப்பின ஈறு அதுக்குள்ள பொரிச்சிடும்.

நாலாவதா, புதுசா ஏதாவது போட்டதுக்கப்புறம் ஆரம்பிச்சுதான்னு யோசிங்க. ஹேர் டை போட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல நெத்தியோரம், காது மேல்பக்கம், பிடரி, கண் இமை இங்கெல்லாம் அரிச்சு வீங்கினா அது அலர்ஜி. கருப்பு டையில இருக்கிற பி.பி.டி.ங்கிற கெமிக்கல்தான் இதுல பேர் போன ஆள். பத்து வருஷமா அதே டைதானே போடுறேன், ஒண்ணும் ஆகலையேன்னு சொல்ல முடியாது, அலர்ஜி எந்த வருஷம் வேணாலும் ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துட்டு போடுறது நல்லது. வாசனை கெமிக்கல், ஷாம்பு கெடாம இருக்கப் போடுற சில பொருள், இதுக்கும் சில பேருக்கு இப்படி ஆகும்.

தலைக்குக் குளிக்கிற முறை

இதுல என்ன பெரிய முறைன்னு நானும் நினைச்சேன். ஆனா பாதி அரிப்பு இங்கேயே குறையும்.

குளிக்கப் போறதுக்கு முன்னாடி சிக்கை எடுத்துடுங்க, வெறும் தண்ணியில நனைஞ்சப்புறம் எடுத்தா உடையும். தண்ணி வெதுவெதுப்பா இருந்தாப் போதும், கொதிக்கக் கொதிக்க ஊத்திக்கிறது அந்த நேரத்துக்கு அரிப்புக்கு சொர்க்கமா இருக்கும், ஆனா தோலோட எண்ணெயைப் பூரா வழிச்சுட்டுப் போயி அரை மணி நேரத்துல ரெண்டு மடங்கு அரிக்கும். முடியை ஒரு நிமிஷமாவது நல்லா நனைக்கணும். ஷாம்புவை நேரா உச்சியில கொட்டாம உள்ளங்கையில கொஞ்சம் தண்ணியோட குழைச்சு, தலையை நாலு பாகமா நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு பாகத்துலயும் தோல்ல படுற மாதிரி விரல் நுனியால தேய்ங்க. காதுக்குப் பின்னாடி, பிடரி, இதை எல்லாரும் மறந்துடுவோம். நீளத்துக்குத் தனியா ஷாம்பு வேணாம், அலசும்போது வழியிற நுரையே அதுக்குப் போதும். முடியைத் துணி கசக்குற மாதிரி உச்சியில குவிச்சு வச்சு கசக்குறது வேணவே வேணாம், செதில் போறதும் சிக்கு விழுறதும் அங்கதான்.

அப்புறம் அலசுங்க, தேய்ச்ச நேரத்தைப் போல ரெண்டு மடங்கு நேரம். பிடரியில நிக்கிற நுரை காஞ்சுதான் பல பேருக்கு அங்க மட்டும் அரிக்குது, இதுக்கு எந்த மருந்தும் வேணாம், இன்னும் ரெண்டு சொம்பு தண்ணிதான் வேணும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? எண்ணெய்ப் பொடுகுன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட குளிக்கலாம், பயப்படாதீங்க, குளிக்காம விட்டா பூஞ்சைக்குத்தான் விருந்து. நிஜமாவே வறண்ட தலைன்னா வாரம் ஒண்ணு ரெண்டு தடவை போதும். சுருட்டையா தடிமனா இருக்கிற முடிக்கும் அடிக்கடி வேணாம். உங்க தலை என்ன சொல்லுதோ அதான் கணக்கு.

சோப்புக்கட்டியைத் தலைக்குப் போடாதீங்க. தலைத்தோலோட பிஹெச் (புளிப்பா காரமான்னு காட்டுற அளவு, எண் ஏற ஏற காரம்) சுமார் 5.5, முடியோடது இன்னும் கீழ, 3.7 கிட்ட. சாதாரண குளியல் சோப்பு 9, 10ல நிக்கும். காரம் ஏற ஏற அந்தக் கூரை ஓடு தூக்கிக்கும், சொரசொரப்பு வரும். உப்புத் தண்ணியா இருந்தா சோப்பு அதுல இருக்கிற கால்சியம், மக்னீசியத்தோட சேர்ந்து வெள்ளையா ஒரு படிவத்தை முடி மேலயே விட்டுட்டுப் போகும், அது அலசினாலும் போகாது. உங்க பாத்ரூம் குழாய்ல, வாளி ஓரத்துல வெள்ளை பூத்திருக்கான்னு பாருங்க, இருந்துச்சுன்னா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை இ.டி.டி.ஏ. மாதிரி, கால்சியத்தைப் பிடிச்சு இழுக்கிற பொருள் தூக்கலா இருக்கிற கீலேட்டிங் ஷாம்பு ஒண்ணு போடலாம், அன்னிக்கு கண்டிஷனரை மறக்கக்கூடாது.

ஷாம்பு பாட்டில் பின்னாடி படிக்கிறதுக்கு ஒரு குறிப்பு. சோடியம் லாரில் சல்ஃபேட் கொஞ்சம் முரட்டு ஆளு, சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிட சாது. கோகோ குளுக்கோசைட், கோகாமிடோபுரோபைல் பீட்டெய்ன், சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் இதெல்லாம் மென்மையான வகை. ஆனா சல்ஃபேட் ஃப்ரீன்னு பெருசா போட்டிருக்கிறதாலயே நல்ல ஷாம்பு ஆயிடாது, என்னென்ன சேர்த்து எப்படிக் கலந்திருக்காங்கங்கிறதுதான் விஷயம். அப்புறம் செட்டில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால்னு பார்த்துட்டு ஐயோ ஆல்கஹால் காய வச்சிடும்னு கீழ வைக்காதீங்க, அது கொழுப்பு வகை, முடியை மிருதுவாக்கத்தான் போடுறாங்க.

பொடுகுன்னா மருந்து ஷாம்பு

கருப்பு பேப்பர்ல மஞ்சள் பிசுக்கு வந்தவங்களுக்கு இந்தப் பகுதி. கீட்டோகொனசோல் 2% ஷாம்புன்னா வாரம் ரெண்டு தடவை, ரெண்டுலேருந்து நாலு வாரம். ஜிங்க் பைரித்தியோன் 1%, செலினியம் சல்ஃபைடு 1% இதெல்லாமும் வேலை செய்யும். ஐரோப்பிய யூனியன்ல 2022 மார்ச்லேருந்து காஸ்மெட்டிக் பொருள்ல ஜிங்க் பைரித்தியோன் போடக்கூடாதுன்னு தடை இருக்கு, அங்க இருக்கிறவங்க பிரோக்டோன் ஒலமைன்ங்கிற பேரைத் தேடலாம். செதில் தடிமனா அப்பிக்கிட்டிருந்தா சாலிசிலிக் ஆசிட் இருக்கிறது அதை இளக்கிவிடும். செலினியம் ஷாம்பு, டை அடிச்ச முடியோட கலரை மாத்தலாம், நகையையும் கழட்டி வச்சுடுங்க.

இதுல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, நானும் பண்ணேன். போட்டோம், நுரை வந்துச்சு, அலசிட்டோம், அப்புறம் மருந்து ஷாம்பு வேஸ்ட்டுன்னு திட்டுறது. அது தோல் மேல மூணுலேருந்து அஞ்சு நிமிஷம் இருக்கணும்! மூணு நிமிஷம்னா ரொம்ப நேரம், பாத்ரூம்ல கண்ணை மூடிக்கிட்டு நிக்கும்போது முப்பது செகண்டே மூணு நிமிஷம் மாதிரி இருக்கும், அதனால நான் போன்ல டைமர் வச்சு ஜன்னல் மேல வச்சிடுவேன். முதல்ல சாதா ஷாம்பு ஒரு தடவை போட்டு எண்ணெயை எடுத்துட்டு, ரெண்டாவதா மருந்து ஷாம்பு போட்டா தோல்ல நல்லா படும். அதை நீளத்துக்கு இழுக்காதீங்க, சில மருந்து ஷாம்பு முடியைக் கட்டை மாதிரி ஆக்கிடும். தோலுக்கு மருந்து, நுனிக்கு கண்டிஷனர், ஒரே குளியல்ல ரெண்டும் ஓடும்.

நாலு வாரம் ஒழுங்கா போட்டும் அசையலைன்னா வேற மருந்துப் பொருள் இருக்கிற ஷாம்புக்கு மாறலாம், இல்ல டாக்டரைப் பார்க்கலாம். ரெண்டாவதுதான் நல்லது.

நிஜமா வறண்ட தலைத்தோல்னா இந்த மருந்து ஷாம்பு எதுவும் தேவையில்ல, இன்னும் காய வச்சிடும். வாசனை கம்மியான மென்மையான ஷாம்பு, குறைவான குளியல், சூடில்லாத தண்ணி, தோல்ல ரெண்டு சொட்டு எண்ணெய். அவ்ளோதான். மூணு நாலு வாரத்துல அடங்கலைன்னா முதல்ல கண்டுபிடிச்சதே தப்போன்னு திரும்ப பேப்பரை விரிங்க.

நீளத்தைக் கவனிக்கிறது

கண்டிஷனர் ஏன் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அதை வீணாக்க மாட்டீங்க. அடிபட்ட முடி நெகட்டிவ் சார்ஜோட இருக்கும், கண்டிஷனர்ல இருக்கிற பொருள் பாசிட்டிவ், அதனால எங்க அடி ஜாஸ்தியோ அங்க போய் அதிகமா ஒட்டிக்கும். ஈரம் சொட்டச் சொட்டப் போட்டா பாதி தண்ணியோட வழிஞ்சு போயிடும், கையால தண்ணியைப் பிழிஞ்சு விட்டுட்டு, காதுக்குக் கீழேருந்து நுனி வரைக்கும் தடவி, ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. அந்த நேரத்துல அகலப்பல் சீப்பால நுனியிலேருந்து ஆரம்பிச்சு மேல மேல சீவினா சிக்கு வழுக்கிட்டு வரும், சுருட்டை முடிக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. மெல்லிய முடின்னா ஒரு சின்ன கோலி அளவு போதும், இல்லைன்னா தலையோட ஒட்டிப்போய் நனைஞ்ச கோழி மாதிரி ஆயிடுவோம்.

எண்ணெயைப் பத்தி என் கருத்து கொஞ்சம் சண்டை மூட்டும். எண்ணெய் ஈரப்பதம் கொடுக்காது, அதுல தண்ணியே கிடையாது. அது பண்றது வேற, முடிக்குள்ள தண்ணி திடுதிப்புன்னு புகுந்து ஊதிப்போறதையும் அப்புறம் காஞ்சு சுருங்குறதையும் மட்டுப்படுத்தும். இதுல தேங்காய் எண்ணெய்க்கு நிஜமாவே ஒரு தனி இடம் இருக்கு, அதுல அதிகமா இருக்கிற லாரிக் ஆசிடோட மூலக்கூறு சின்னது, வளையாம நேரா ஒரு சங்கிலி மாதிரி இருக்கும், அதனால முடிக்குள்ள இறங்கிடும். 2003ல வந்த ஒரு ஆய்வுல தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் வச்சுப் பார்த்தப்போ தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடியிலேருந்து புரதம் கரைஞ்சு போறதைக் குறைச்சுது. அதனால குளிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியோ முந்தின ராத்திரியோ நீளத்துல தடவிக்கோங்க, நல்லது. ஆனா பொடுகு இருக்கிற தலைத்தோல்ல வேணாம். மலசீசியாவுக்குத் தானா கொழுப்பு தயாரிக்கத் தெரியாது, வெளியிலேருந்துதான் எடுத்தாகணும், தலையில ஊத்துற எண்ணெயும் அதுக்குத் தீனி ஆகலாம். ஆறு வருஷமா நான் யாருக்கு ஊத்திக்கிட்டிருந்தேன்னு இப்பப் புரியுதா.

காய வைக்கிறது. ஈர முடி பலவீனமானது, காஞ்ச முடியைவிட நிறைய இழுபடும், இழுத்துக்கிட்டே போனா திரும்பாது. டவலைப் போட்டு பரபரன்னு தேய்க்காம, பழைய காட்டன் டி-ஷர்ட்ல ஒத்தி ஒத்தி எடுங்க. ஈரத்தோட இறுக்கிக் கொண்டை போட்டுக்கிட்டுத் தூங்கிடாதீங்க, முடியும் உடையும், தலையும் புழுங்கி அரிக்கும்.

ஹேர் டிரையர்னா எல்லாரும் பயப்படுறாங்க, அவ்ளோ பயம் வேணாம். கொரியாவுல 2011ல வெளியான ஒரு ஆய்வுல, 15 செ.மீ. தூரத்துல வச்சு ஆட்டிக்கிட்டே இருந்தா காத்து 47 டிகிரி செல்சியஸ்தான் இருந்துச்சு, அதுவே 5 செ.மீ. கிட்ட கொண்டு போனா 95 டிகிரி. கிட்ட வச்சதுல செதில் பாழாச்சு, அதேசமயம் டிரையரே படாம ரொம்ப நேரம் ஈரத்தோட தானா காஞ்ச முடியில உள்பக்கம் ஒரு சேதம் தெரிஞ்சுது. ஆக ஒரு ஜாண் தள்ளி வச்சு கையை ஆட்டிக்கிட்டே இருந்தா பிரச்சனையில்ல. உண்மையான வில்லன் ஸ்ட்ரெய்ட்னர், அதுவும் ஈர முடியில. சொய்ங்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது முடிக்குள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாகுற சத்தம், உள்ள குமிழ் குமிழா வெடிச்சு அந்த இடத்துல முடி பட்டுனு முறியும். முழுசா காஞ்சப்புறம், கம்மி சூட்டுல, ஒரு இடத்துல ஒரு தடவை மட்டும்.

பிளந்த நுனியை எந்த சீரமும் ஒட்டாது, ஒட்டின மாதிரி காட்டும், அடுத்த குளியல்ல திரும்பப் பிரிஞ்சிடும். வெட்டித்தான் ஆகணும்.

வீட்டு வைத்தியம், சுருக்கமா

எலுமிச்சைச் சாறு நேரா தலையில தேய்க்காதீங்க, அதோட பிஹெச் 2 கிட்ட, சொறிஞ்ச தோல்ல பட்டா தீயா எரியும், அதோட வெயில்ல போனா தோல் கருத்தும் போகலாம். பேக்கிங் சோடா காரம், முடிக்கு எமன். வினிகர்னா நல்லா தண்ணி கலந்து கடைசி அலசல்ல நீளத்துக்கு ஊத்தினா வழவழப்பு தெரியும், ஆனா புண்ணு இருக்கிற தலையில அதுவும் வேணாம். டீ ட்ரீ ஆயில் 5% கலந்த ஷாம்பு பொடுகுக்கு ஓரளவு கேக்குது, ஆனா பாட்டில்லேருந்து அப்படியே சொட்டு விட்டீங்கன்னா அதுவே அலர்ஜி கொண்டு வரும்.

அரிப்பு வரும்போது சொறியாம இருக்கிறதுதான் கஷ்டமான வைத்தியம். நகத்தை ஒட்ட வெட்டுங்க, அரிக்கிற இடத்துல உள்ளங்கையால தட்டுங்க, இல்ல ஈரத்துணியை வச்சு அமுக்குங்க. சொறிஞ்சா தோல் கிழியும், கிழிஞ்ச இடம் ஆறும்போது அரிக்கும், அரிச்சா திரும்ப சொறிவோம்.

எப்ப டாக்டர்

சீழ், வீக்கம், வலி, ஈரம் கசியுறது, இதெல்லாம் இருந்தா அன்னிக்கே. வட்டமா முடி கொட்டி சொட்டை விழுந்தா காத்திருக்காதீங்க. குழந்தைக்கு தலையில செதிலோட வட்டமா சொட்டை, அதுல முடி குட்டையா முறிஞ்சு நின்னா அது பூஞ்சைத் தொத்தா இருக்கலாம், முடியோட வேருக்குள்ள போயிட்ட பூஞ்சை ஷாம்புல சாகாது, உள்ளுக்கு மாத்திரை சாப்பிடணும். வெள்ளி மாதிரி தடிமனா செதில் நெத்தியைத் தாண்டி வந்து, முழங்கை முட்டியிலயும் அதே மாதிரி இருந்தா சொரியாசிஸான்னு பார்க்கணும்.

முடி திடீர்னு வறண்டு, கூடவே அசதி, எடை ஏறுறது, மத்தவங்களுக்குக் குளிராதப்போ உங்களுக்கு மட்டும் குளிர்றது, இப்படி இருந்தா தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, எந்த எண்ணெயும் அதுக்குக் கேக்காது. பெரிய காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ அப்புறம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்தா முடி கொட்டுறது பெரும்பாலும் தானா நிக்கும். சாதாரணமாவே ஒரு நாளைக்கு 50லேருந்து 100 முடி விழும், சீப்புல இருக்கிறதை எண்ணிக்கிட்டு உக்காராதீங்க.

என்ன எதிர்பார்க்கலாம்

அரிப்புதான் முதல்ல குறையும், எனக்கு மூணாவது குளியல்லயே தெரிஞ்சுது. செதில் போக ரெண்டு மூணு வாரம் ஆச்சு. முடி மட்டும் அப்படியேதான் இருந்துச்சு, அதுல எனக்கு ரொம்ப ஏமாற்றம், ஆனா அது நியாயமானது, நான் சரி பண்ணது இனிமே வரப்போற முடியை, ஏற்கனவே வெளிய தொங்கிக்கிட்டிருந்ததை இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நுனியை ரெண்டு செ.மீ. வெட்டிக்கிட்டே வந்து, தோள் வரைக்கும் முழுசா நல்ல முடி வர ரெண்டரை வருஷம் ஆச்சு.

பொடுகு போயே போச்சுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க, அந்தப் பூஞ்சை தலையை விட்டு எங்கயும் போகாது. மருந்து ஷாம்புவை முழுசா நிறுத்தாம வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டு வாரத்துக்கு ஒண்ணோ வச்சுக்கணும். நான் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஊருக்கு கீருக்குப் போயி அதை விட்டுட்டேன்னா மூணாவது வாரம் இடது காதுக்குப் பின்னாடி லேசா நமநமன்னு ஆரம்பிக்கும், எப்பவும் அதே இடம்தான், அப்ப ரெண்டு வாரத்துக்கு மட்டும் திரும்ப வாரம் ரெண்டு தடவை, டைமர் வச்சு.